விஸ்டா சுமந்த பழி

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து திரட்டினார்கள். 'இன்போவேர்ல்ட்' என்ற கணினி இதழ் முன்னின்று நடத்திய இயக்கம் அது. கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: விண்டோஸ் எக்ஸ்பி விற்பனையை நிறுத்தாதீர்கள். 2001 அக்டோபரில் வெளிவந்து, ஏழு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் இயங்குதளத்துக்காக இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு வாரிசாக வந்த விண்டோஸ் விஸ்டா அப்போது கடைகளில் தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் புதுக் கணினியை வாங்கிய கையோடு அதிலிருந்த விஸ்டாவை அழித்துவிட்டுப் பழைய எக்ஸ்பியையே போட்டுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

வீட்டுக்காரர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, தன் அலுவலகங்களில் விஸ்டாவை நிறுவக் கூடாது என்று 2007இலேயே தடை போட்டது. கணினிகளின் இதயமான சிப்புகளைச் செய்யும் இன்டெல் நிறுவனமே தன் ஊழியர்களின் எண்பதாயிரம் கணினிகளுக்கு விஸ்டா வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டதாக 2008 ஜூனில் செய்தி வந்தது. எதிர்ப்பு எவ்வளவு இருந்தாலும் 2008 ஜூன் 30உடன் எக்ஸ்பியின் கடை விற்பனையை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அப்போதும் ஒரு வழியைத் திறந்துதான் வைத்தது. அந்த நாளில் பரவத் தொடங்கியிருந்த 'நெட்புக்' என்னும் சின்ன மடிக்கணினிகளில் விஸ்டா ஓடத் திணறியதால், அவற்றுக்கு எக்ஸ்பி தொடர்ந்து கொடுக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. 2009 அக்டோபர் 22 அன்று விண்டோஸ் 7 வந்தது. விஸ்டாவைத் திட்டித் தீர்த்த அதே மக்கள் அதைக் கொண்டாடினார்கள். இன்றும் 'விண்டோஸ் 7 மாதிரி வருமா' என்று ஏங்குகிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு விண்டோஸும் தனக்குள் ஒரு பதிப்பு எண்ணை வைத்திருக்கிறது. விண்டோஸ் 2000க்கு 5.0, எக்ஸ்பிக்கு 5.1, விஸ்டாவுக்கு 6.0. பெயரில் 7 என்றிருந்தாலும் விண்டோஸ் 7இன் உள் எண் 6.1தான். விஸ்டா என்ற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகிய இடங்களை அடைத்து, கதவு ஜன்னல்களைச் சரிசெய்து கொடுத்ததுதான் விண்டோஸ் 7. அஸ்திவாரத்தில் கை வைக்கவில்லை.

அப்படியானால் விஸ்டாவைத் திட்டியவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்களா? இல்லை. அவர்கள் பட்ட பாடு உண்மை. அந்தப் பாட்டுக்கு யார் காரணம் என்பதில்தான் பழி பாதி இடம் மாறிப்போனது.

விஸ்டாவின் கதை அது வெளிவருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர்போன விஸ்லர், பிளாக்கோம் என்று அருகருகே இரண்டு மலைகள் உண்டு. எக்ஸ்பியைத் தயாரிக்கும்போது மைக்ரோசாப்ட் வைத்திருந்த ரகசியப் பெயர் விஸ்லர். அதற்குப் பிறகு வரவேண்டிய பெரிய பதிப்புக்கு பிளாக்கோம் என்று பெயர் குறித்து வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு பதிப்பைச் செய்துவிடலாம் என்று நினைத்து, விஸ்லர் மலையடிவாரத்தில் உள்ள ஒரு மதுவிடுதியின் பெயரான லாங்ஹார்ன் என்பதை அதற்குச் சூட்டினார்கள். போகிற வழியில் சற்றே இளைப்பாறும் இடம் என்பது பொருள்.

சின்னதாகத் தொடங்கியது நாளாக ஆகப் பருத்தது. 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மென்பொருள் எழுதுவோர் மாநாடு நடந்தபோது, லாங்ஹார்ன் என்பது முற்றிலும் புதிய வரைகலை முறை, புதிய தகவல் தொடர்பு முறை, கோப்புகளைச் சேமிக்கும் முறையையே தலைகீழாக மாற்றும் 'வின்எப்எஸ்' என்று மூன்று பெரிய தூண்களின் மேல் நிற்கப்போகும் மாளிகையாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் 'பிளாஸ்டர்' என்ற வைரஸ் எக்ஸ்பி கணினிகளுக்குள் புகுந்து ஆட்டம் போட்டிருந்தது. இணையத்தில் இணைத்த சில நிமிடங்களில் ஒரு பெட்டி தோன்றி, அறுபது வினாடிகளில் கணினி அணையப்போகிறது என்று எண்ணத் தொடங்கிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்து மறுபடி கிளம்பும். அன்று கணினி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது.

எனவே மைக்ரோசாப்ட் புதுமாளிகையின் ஆட்களில் பலரை இழுத்து, பழைய வீட்டின் ஓட்டையை அடைக்க அனுப்பவேண்டியதாயிற்று. எக்ஸ்பிக்கான இரண்டாவது பெருந்திருத்தம் 2004 ஆகஸ்டில் வந்தது. இன்று மக்கள் நினைவில் வைத்துக் கொண்டாடும் எக்ஸ்பி உண்மையில் இந்தத் திருத்தத்துக்குப் பிந்தைய எக்ஸ்பிதான். 2001இல் வந்தபோது அதற்கும் வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. நீலமும் பச்சையுமான அதன் முகப்பைக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதென்று சொன்னார்கள். வாங்கியதை இணையம் அல்லது தொலைபேசி வழியே பதிவுசெய்து முடுக்கினால்தான் தொடர்ந்து ஓடும் என்ற ஏற்பாட்டைக் கண்டு எரிச்சலடைந்தார்கள். விஸ்டாவை எக்ஸ்பியோடு ஒப்பிட்டவர்கள், ஐந்து வருடம் அடிபட்டுத் தேறிய ஒன்றையும் நேற்றுப் பிறந்த ஒன்றையும் தராசில் வைத்தார்கள் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

2004 ஜூலையில் ஒரு நாள், விண்டோஸ் பிரிவின் பொறுப்பில் இருந்த ஜிம் ஆல்சின், பில் கேட்ஸின் அறைக்குப் போய், லாங்ஹார்ன் தேறாது என்று நேரடியாகச் சொன்னார். மறு ஆண்டு 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழ் இதை விரிவாக எழுதியது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எதைத் தொட்டால் எது உடையும் என்று யாருக்குமே தெரியாத நிலை. கான்பூர் ஐஐடியில் படித்த அமிதாப் ஸ்ரீவஸ்தவா அப்போது மைக்ரோசாப்டின் மூத்த பொறியாளர்களில் ஒருவர். விண்டோஸின் உறுப்புகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று வரைந்து காட்டும்படி தன் குழுவினரிடம் சொன்னார். அவர்கள் கொண்டுவந்த படம் எட்டடி உயரம், பதினோரடி அகலம். நூற்றுக்கணக்கான தண்டவாளங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ரயில்வே வரைபடம் போல இருந்ததாம்.

அந்தப் படம் போதுமானதாக இருந்தது. 2004 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் லாங்ஹார்னிலிருந்து வின்எப்எஸ்ஸை நீக்கியது. அதுவரை எழுதியதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, விண்டோஸ் சர்வர் 2003இன் உறுதியான நிரல்களை அடித்தளமாக வைத்து மறுபடி தொடங்கியது. பெரிய நிறுவனம் ஒன்று மூன்றாண்டு உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சம்மதிப்பது எளிதல்ல. அந்த முடிவு இல்லையென்றால் விஸ்டாவும் இல்லை, விண்டோஸ் 7உம் இல்லை. ஆனால் அதன் விலையாகக் காலம் போயிற்று. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தபோது எக்ஸ்பி வந்து ஐந்தே கால் ஆண்டு ஓடியிருந்தது. ஆல்சின் அதோடு ஓய்வுபெற்றார்.

இனி, வாங்கியவர்கள் பட்ட பாட்டுக்கு வருவோம். முதல் புகார், வேகம். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் சாளரங்கள் விஸ்டாவின் முகப்பு அழகு. அதற்கு 'ஏரோ' என்று பெயர். இதற்கு நல்ல கிராபிக்ஸ் சிப் வேண்டும். பின்னணியில் எல்லாக் கோப்புகளையும் புரட்டித் தேடல் பட்டியல் தயாரிக்கும் வேலை, அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கும் வேலை என்று விஸ்டா ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருந்தது. நினைவகம் தாராளமாக இருந்தால் இவையெல்லாம் வசதி. 512 எம்பி மட்டும் உள்ள கணினியில் இவையே பாரம். நினைவகத்தில் இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவுகளை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கின் விளக்கு அணையாமல் எரியும், மவுஸை அழுத்தினால் பதில் வர நேரமாகும்.

அப்படிப்பட்ட கணினியை விஸ்டாவுக்கு ஏற்றது என்று விற்றது யார்? இங்கேதான் விஷயம் மைக்ரோசாப்டின் வாசலுக்குப் போய் நிற்கிறது. 2006இல், விஸ்டா வருமுன்பே, கடையில் விற்கும் எக்ஸ்பி கணினிகளின் மேல் 'விஸ்டா கேப்பபிள்' என்ற ஸ்டிக்கரை ஒட்டினார்கள். விஸ்டா வந்ததும் இதில் போட்டுக்கொள்ளலாம், இப்போதே தயங்காமல் வாங்குங்கள் என்பது அதன் செய்தி. அதற்குத் தேவை 800 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 512 எம்பி நினைவகமும்தான். கண்ணாடிச் சாளரங்கள் உட்பட எல்லாம் வேண்டுமென்றால் 'பிரீமியம் ரெடி' என்ற வேறொரு ஸ்டிக்கர். அதற்கு ஒரு ஜிபி நினைவகமும் 128 எம்பி கிராபிக்ஸ் நினைவகமும் வேண்டும். இந்த இரண்டு ஸ்டிக்கர்களுக்கும் உள்ள வேறுபாடு கடைக்கு வந்த எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

ஏமாந்ததாக உணர்ந்தவர்கள் 2007இல் சியாட்டில் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். வழக்கின்போது மைக்ரோசாப்டின் உள் மின்னஞ்சல்கள் பொதுவெளிக்கு வந்தன. அவற்றைப் படித்தால் மனம் கசக்கிறது. விஸ்டாவின் புதிய கிராபிக்ஸ் முறை ஓடினால்தான் ஸ்டிக்கர் என்று முதலில் விதி இருந்தது. இன்டெலின் 915 என்ற சிப்பில் அது ஓடாது. 2006 ஜனவரியில் அந்த விதி தளர்த்தப்பட்டது. 915 சிப் பொருத்திய கணினிகளை இன்டெல் தொடர்ந்து விற்று அந்தக் காலாண்டு வருமானத்தை எட்டட்டும் என்பதற்காகவே தளர்த்தினோம் என்று மைக்ரோசாப்ட் மேலாளர் ஒருவரே எழுதியிருந்தார். எங்கள் வருமானக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று இன்டெல் மறுத்தது. விதியை நம்பி நல்ல கிராபிக்ஸ் சிப்புக்குச் செலவு செய்திருந்த எச்பி நிறுவனம் கடுமையாக முறையிட்டது.

மைக்ரோசாப்டின் துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ் தானே ஸ்டிக்கரைப் பார்த்து 2,100 டாலருக்கு மடிக்கணினி வாங்கியவர். அதில் ஏரோ ஓடவில்லை. இவ்வளவு கொடுத்து வாங்கியது மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் ஆகிறது என்று அவர் சக அதிகாரிகளுக்கு எழுதினார். விண்டோஸ் தயாரித்த நிறுவனத்தின் துணைத் தலைவருக்கே ஸ்டிக்கர் புரியவில்லை என்றால், கடைக்கு வந்த சாதாரணக் குடும்பத்தை எப்படிக் குறை சொல்வது? இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமான கூட்டு வழக்கு என்ற தகுதியை நீதிபதி மார்ஷா பெக்மன் 2008 பிப்ரவரியில் அளித்தார், ஓராண்டு கழித்து விலக்கிக்கொண்டார். ஆகவே பெரிய இழப்பீடு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த மின்னஞ்சல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இரண்டாவது புகார், பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்யவில்லை என்பது. கணினியோடு இணைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிரைவர் வேண்டும். இயங்குதளம் பேசும் மொழியைக் கருவிக்குப் புரியும்படி சொல்லும் துபாஷி என்று அதை வைத்துக்கொள்ளலாம். விஸ்டாவில் திரைக்கும் ஒலிக்குமான உள்கட்டமைப்பையே மாற்றியிருந்தார்கள். எனவே பழைய துபாஷிகள் பலரால் பேச முடியவில்லை. புதிய டிரைவரை எழுதித் தரவேண்டியது கருவியைச் செய்த நிறுவனம். விஸ்டா திரும்பத் திரும்பத் தள்ளிப்போனதால், அது வரவே போவதில்லை என்று நினைத்து அந்த நிறுவனங்கள் 2006இன் கடைசி வரை வேலையைத் தொடங்கவே இல்லை என்று, பின்னர் விண்டோஸ் 7ஐ வழிநடத்திய ஸ்டீவன் சினோஃப்ஸ்கி தன் மின்னஞ்சலில் எழுதினார். அவர் வீட்டுப் பிரிண்டருக்கே டிரைவர் வந்துசேரத் தாமதமாயிற்று.

அதே வழக்கில் வெளியான இன்னொரு ஆவணத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2007இல் பதிவான விஸ்டா முடங்கல்களில் 28.8 சதவீதம் என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களால் வந்தவை. மைக்ரோசாப்டின் சொந்தத் தவறுகள் 17.9 சதவீதம். ஏடிஐ, இன்டெல் போன்ற நிறுவனங்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால் திரை உறைந்து நிற்கும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது விண்டோஸின் பெயர் ஒன்றுதான். 'விஸ்டா தொங்கிவிட்டது' என்றுதான் சொல்வார்.

மூன்றாவது புகார்தான் விஸ்டாவின் முகத்தில் அழியாத மச்சமாக ஒட்டிக்கொண்டது. எந்த மென்பொருளை நிறுவினாலும், கணினியின் அமைப்பில் எதைத் தொட்டாலும், திரை முழுவதும் மங்கி நடுவில் ஒரு பெட்டி தோன்றும்: அனுமதிக்கிறீர்களா, மறுக்கிறீர்களா? நாளுக்கு ஒரு தடவை என்றால் பொறுக்கலாம். புதுக் கணினியில் வேண்டியதையெல்லாம் நிறுவும் முதல் நாளிலேயே பத்து இருபது தடவை கேட்டால்? ஆப்பிள் நிறுவனம் இதை வைத்தே 2007இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. விண்டோஸாக நடித்தவர் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட மெய்க்காவலர் நின்றுகொண்டு, அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அனுமதி கேட்பார். அமெரிக்கா சிரித்தது.

அந்தப் பெட்டி ஏன் வந்தது என்பதை யாரும் மக்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. எக்ஸ்பியில் வீட்டுக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் பெரும்பாலும் முழு அதிகாரம் கொண்டவராகவே உள்ளே நுழைவார். அவர் பெயரில் ஓடும் எந்த நிரலுக்கும் அதே முழு அதிகாரம் கிடைத்துவிடும். மின்னஞ்சலில் வந்த வைரஸுக்கும் அப்படித்தான். வீட்டுச் சாவிக்கொத்தை வாசலில் தொங்கவிட்டுத் தூங்குவது போல. விஸ்டா அந்தச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டது. முழு அதிகாரம் தேவைப்படும் வேலைக்கு மட்டும் உரிமையாளரை எழுப்பிக் கேட்டது. எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பல, தேவையே இல்லாமல் கணினியின் முக்கியமான கோப்புறைகளில் எழுதிப் பழகியவை. அதனால் அவை ஒவ்வொன்றும் பெட்டியைக் கிளப்பின.

மைக்ரோசாப்டின் டேவிட் கிராஸ் என்ற அதிகாரி 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் இதை ஒளிக்காமல் சொன்னார்: பயனரை எரிச்சலூட்டவே அந்தப் பெட்டியை வைத்தோம், அந்த எரிச்சல் மென்பொருள் தயாரிப்பாளர்களைப் போய்ச் சேர்ந்து அவர்கள் திருந்தவேண்டும் என்பதே நோக்கம் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. விஸ்டா வந்த தொடக்க மாதங்களில் இந்தப் பெட்டியைக் கிளப்பிய நிரல்களும் வேலைகளும் 7,75,312. ஓராண்டில் அந்த எண்ணிக்கை 1,68,149ஆகக் குறைந்தது என்று மைக்ரோசாப்ட் பின்னர் வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் திருந்தியது நல்லதே. ஆனால் தயாரிப்பாளரைத் திருத்த, காசு கொடுத்து வாங்கியவரை வருத்துவது நியாயமான வழி அல்ல. விஸ்டாவின் மீதான வெறுப்பில் ஒரு பகுதி இந்த முடிவால் விளைந்தது.

தமிழ் படிப்பவர்கள் விஸ்டாவுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும், அதை இங்கேயே சொல்லிவிடலாம். விண்டோஸில் தமிழ் ஒருங்குறிக்கு இடம் கிடைத்தது விண்டோஸ் 2000இல். லதா எழுத்துரு அதோடு வந்தது. எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது, ஆனால் பூட்டிக் கிடந்தது. கன்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் குறியிட்டு, எக்ஸ்பி குறுந்தகட்டைப் போட்டு, கணினியை அணைத்துத் திறக்கவேண்டும். குறுந்தகடு இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். அதைச் செய்யாத கணினிகளில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலம் அது. எழுதுகிறவர்கள் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு எழுதினார்கள்; படிக்க வருகிறவருக்கோ முதலில் இந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லித்தரவேண்டும். விஸ்டாவில் அந்தப் பூட்டே இல்லை. கணினியைத் திறந்து இணையத்துக்குப் போனால் தமிழ் அப்படியே தெரிந்தது. விஸ்டாவைப் பற்றிய விமர்சனங்களில் இது பெரிதாகப் பேசப்படவில்லை, உலகின் பெரிய கணினி இதழ்களுக்கு இது ஒரு செய்தியாகத் தோன்றியிருக்காது. தமிழருக்கும் இந்திய மொழிகள் படிக்கும் கோடிக்கணக்கானோருக்கும் இது சின்ன விஷயமல்ல.

2008 ஜூலையில் மைக்ரோசாப்ட் ஒரு சோதனை நடத்தியது. விஸ்டாவைப் பற்றி மோசமாக நினைப்பவர்கள் சுமார் 140 பேரை சான் பிரான்சிஸ்கோவில் கூட்டி, 'மொஹாவி' என்ற அடுத்த இயங்குதளம் இது என்று சொல்லிக் காட்டினார்கள். பார்ப்பதற்கு முன் விஸ்டாவுக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் பத்துக்கு 4.4. மொஹாவியைப் பார்த்தபின் அதற்குத் தந்தது 8.5. பிறகுதான் சொன்னார்கள், நீங்கள் பார்த்தது விஸ்டாவேதான் என்று. அவர்கள் வாயைப் பிளந்ததைப் படம்பிடித்து விளம்பரமாக்கினார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையை வைத்து மக்களின் வெறுப்பு வெறும் வதந்தி என்று முடிவுகட்டுவது தவறு. காட்டப்பட்டது 2 ஜிபி நினைவகம் கொண்ட நல்ல எச்பி மடிக்கணினி. இயக்கிக் காட்டியவர் பழகிய ஆள். பார்த்தவர்கள் எவரும் தங்கள் பழைய பிரிண்டரை அதில் செருகவில்லை, ஐந்து வருடக் கோப்புகளை அதில் நகலெடுக்கவில்லை. தொடக்ககால விஸ்டாவில் கோப்புகளை நகலெடுப்பதே ஆமை வேகத்தில் நடந்தது. 2008இல் வந்த முதல் பெருந்திருத்தம்தான் அதைச் சரிசெய்தது. பெண் பார்க்கும் நாளில் நன்றாக இருந்தது என்பதை வைத்துக் குடித்தனம் நடத்தியவரின் குறையைத் தள்ளிவிட முடியாது. மொஹாவி காட்டியது வேறொன்று: நல்ல கணினியில், திருத்தங்கள் வந்தபிறகு, விஸ்டா நன்றாகவே ஓடியது. 2007 பிப்ரவரியில் 512 எம்பி கணினியில் அதைச் சந்தித்தவரும் 2008 இறுதியில் 3 ஜிபி கணினியில் சந்தித்தவரும் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விண்டோஸ் 7இன் வெற்றியும் இப்படித்தான் விளங்குகிறது. விஸ்டாவின் 'பிரீமியம் ரெடி' போலவே அது கேட்ட குறைந்தபட்ச நினைவகமும் ஒரு ஜிபிதான். ஆனால் 2009இல் கடையில் விற்ற கணினிகளில் இரண்டு, நான்கு ஜிபி சாதாரணம். விஸ்டாவுக்காக எழுதிய டிரைவர்கள் பெரும்பாலும் அப்படியே இதிலும் ஓடின. விஸ்டா ஏச்சு வாங்கித் திருத்திய மென்பொருள்கள் தயாராக இருந்தன. அனுமதி கேட்கும் பெட்டியை எவ்வளவு தூரம் அனுமதிப்பது என்று நான்கு படிகள் கொண்ட ஒரு தள்ளுவிசையைக் கொடுத்தார்கள். இவையெல்லாம் தானாக அமைந்தவை என்று சொன்னால் சினோஃப்ஸ்கியின் குழுவுக்கு அநீதி. விஸ்டா ஒவ்வொரு சாளரத்தின் பிரதியையும் இரண்டு இடத்தில் வைத்திருந்தது. விண்டோஸ் 7 அதில் ஒன்றை நீக்கி நினைவகத்தை மிச்சப்படுத்தியது. பின்னணி வேலைகளைத் தேவைப்படும்போது மட்டும் தொடங்கியது. சொன்ன நேரத்தில் வந்தது.

விண்டோஸைப் பற்றி ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு: ஒன்று நன்றாக வந்தால் அடுத்தது சொதப்பும். 98 நல்லது, 2000இல் வந்த மில்லேனியம் மோசம், எக்ஸ்பி நல்லது, விஸ்டா மோசம், 7 நல்லது, 8 மோசம். சொல்லக் கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று மோசங்களும் மூன்று வகை. மில்லேனியம், காலாவதியாகிக்கொண்டிருந்த பழைய டாஸ் பரம்பரையின் கடைசிப் பிள்ளை. அதற்குப் பின் அந்த வம்சமே இல்லை. விண்டோஸ் 8இன் உள்கட்டமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. கைக்குப் பழகிய ஸ்டார்ட் பொத்தானைப் பிடுங்கிவிட்டு, மேசைக் கணினியில் இருப்பவரையும் தொடுதிரைக்காரராக நடத்தியதுதான் தவறு. ஓராண்டுக்குள் 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. விஸ்டாவின் நிலை இரண்டுக்கும் எதிர். அதன் யோசனைகள் நின்றன, அவற்றை முதலில் சுமந்த அது கெட்ட பெயரோடு போனது.

விஸ்டாவின் தாமதத்துக்கு மைக்ரோசாப்ட் கொடுத்த விலை கணினியோடு நிற்கவில்லை. விஸ்டா கடைக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்பு, 2007 ஜனவரி 9 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகப்படுத்தினார். லாங்ஹார்னிலும் விஸ்டாவிலும் முடங்கிக் கிடந்த திறமையான ஆட்களை உரிய நேரத்தில் கைபேசிப் பக்கம் திருப்ப முடியாமல் போனதே தன் பெரிய வருத்தம் என்று, பதவி விலகப்போவதாக அறிவித்த 2013இல் மைக்ரோசாப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் சொன்னார்.

இத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கையில் தீர்ப்பு இப்படித்தான் அமையும். விஸ்டாவை எழுதிய பொறியாளர்கள் செய்யவேண்டிய வேலையைச் செய்தார்கள். பாதுகாப்பில்லாத ஒரு வீட்டைப் பூட்டுப் போட்ட வீடாக்கினார்கள். போதாத கணினிகளில் ஸ்டிக்கர் ஒட்ட அனுமதித்தவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட இரண்டு லட்சம் பேரும் தங்களுக்கு நேர்ந்ததைத்தான் சொன்னார்கள், பொய் சொல்லவில்லை.

விஸ்டாவுக்கான மைக்ரோசாப்டின் ஆதரவு 2017 ஏப்ரல் 11 அன்று முடிந்தது. இன்று விண்டோஸ் 11 கணினியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது திரையை மங்கவைத்து அனுமதி கேட்கும் அந்தப் பெட்டி, விஸ்டாவோடு வந்ததுதான்.